கார்புரேட்டருக்கு ராமாயி போட்ட பத்து

சங்ககிரியில் லாரி ஓட்டத் தெரியாத ஆம்பிளையைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். அப்பேர்ப்பட்ட ஊரில், பதினேழு வருஷம் லாரி ஓட்டிய ஒருவனுக்கு இனி ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டால் அவன் என்ன செய்வான்? சென்னியப்பன் வீட்டில் உட்கார்ந்தான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தான்.

நடந்தது இதுதான். எழுபத்தைந்தாம் வருஷம், பம்பாய் லோடுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து, லோடு உச்சியிலிருந்து தரையில் விழுந்தான். வலது தோள்பட்டை போயிற்று. கட்டுப் போட்டதில் எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. லாரி ஸ்டியரிங்கை வளைக்கிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும், இரண்டு தோளும் வேண்டும். மற்ற டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து நாசிக், நாக்பூர் என்று பேச ஆரம்பித்தால் இவன் பாதி டீயோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவான். அந்த வருஷமெல்லாம் வீட்டை நடத்தியது அவன் மனைவி ராமாயி. இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, விடியுமுன் பால் கறந்து, தெருத்தெருவாக ஊற்றினாள். ஒரே மகள் கண்ணாத்தாளை மோகனூரில் கட்டிக்கொடுத்ததும் அந்தப் பாலில்தான். புருஷனை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஏதாவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

சென்னியப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடி வந்த வண்டியை நிறுத்தினால், இறங்கியதும் அதன் முகப்பைத் தட்டிக்கொடுத்து, "நல்லபடியாக் கொண்டாந்து சேத்திட்ட சாமி" என்பான். வண்டிக்கு நன்றி சொல்வான். ரோட்டோரம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொடுத்தவனுக்குச் சொல்வான். காவல்சாமி முனியப்பனுக்குச் சொல்வான். சோறு போட்ட ராமாயிக்கு மட்டும் சொன்னதில்லை. அவன் ஒருவனைக் குறை சொல்லி என்ன செய்ய? அந்தச் சீமையில் எந்த ஆம்பிளைக்கு அது வாயில் வந்தது? பெண்டாட்டியிடம் போய் நன்றி என்று சொன்னால் அவளே பயந்துபோய், "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

கார் யோசனையும் ராமாயியுடையதுதான். "லாரிக்குத்தானுங்க ரெண்டு தோளு வேணும். காருக்கு ஒன்னரைத் தோளு பத்தாதுங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. இரண்டு எருமைகளையும் விற்றாள். எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் சேலத்தில் ஒரு ஜவுளி வியாபாரியிடமிருந்து ஒன்பது வருஷம் ஓடிய கறுப்பு அம்பாசிடர் சங்ககிரிக்கு வந்து சேர்ந்தது.

வாங்கின அன்றைக்கு வண்டி ஜம்மென்று இருந்தது. நிறுத்தினாலும் கணீரென்று உறுமிக்கொண்டு நின்றது. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லோ ஸ்பீடு திருகை விற்றவர் தூக்கி வைத்து, அதன் நோவை மறைத்துத் தள்ளிவிட்டார் என்பது அப்போது தெரியவில்லை. பதினேழு வருஷ டிரைவர் எப்படி ஏமாந்தான் என்று கேட்காதீர்கள். ஓட்டினதெல்லாம் டீசல். பெட்ரோல் வண்டி அவனுக்குப் பக்கத்துத் தெருக்காரன் மாதிரி. முகம் தெரியும், குணம் தெரியாது.

ஒரு வாரத்தில் குணம் தெரிந்தது. ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிறுத்தினால்தான் வினை. இன்ஜின் உர்ரென்று தானாக ஏறும். யாரோ ஆக்ஸிலேட்டரை மிதித்த மாதிரி கத்தும். உடனே மூச்சு முட்டினாற்போல் இறங்கும், வண்டியே கிடுகிடுவென்று நடுங்கும், நின்றுவிடப் போகிறது என்று நினைக்கும்போது மறுபடியும் ஏறும். நாலு தடவை இப்படி ஏறி இறங்கி, ஐந்தாவது தடவை பொசுக்கென்று நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டில் சும்மா இருப்பார்களா? "சென்னியப்பன் காருக்குச் சாமி வந்திருக்குது டோய்! யாராச்சும் துண்ணூறு கொண்டாங்க!" என்று ஒருவன் கத்துவான். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாமியாடும் கார் என்று பெயரே விழுந்துவிட்டது.

ஆனாலும் அந்தக் காருக்கு ஒரு நல்ல சவாரி வாய்த்திருந்தது. டாக்டர் அங்காளம்மாள், சேலம் அம்மாபேட்டைக்காரர். கைத்தறி நெசவு வீட்டுப் பெண். செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் சங்ககிரிக்கு வந்து இறங்கி, மருந்துப் பெட்டியோடு சென்னியப்பன் காரில் ஏறி, சுற்றுப்பட்டிக் கிராமங்களுக்குப் போய் வைத்தியம் பார்ப்பார். மடமடவென்று பேசுவார். நோயாளி எதையாவது வளவளவென்று சொல்ல ஆரம்பித்தால், "அதெல்லாம் அப்புறம். எங்க நோவுதுன்னு ஒரு வெரல வெச்சுக் காட்டு" என்பார். வாரத்தில் அந்த இரண்டு நாள் சவாரிதான் சென்னியப்பன் வீட்டு அடுப்பை எரித்தது. மற்ற நாட்களில் கல்யாணம் காதுகுத்து என்று வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

அந்த டாக்டருக்குக் காரில் கண்ணை மூட முடியவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து வருகிற பெண். ஊருக்கு ஊர் போகும்போது பத்து நிமிஷம் தூங்கினால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஆனால் வண்டி எங்காவது நின்றால் நிமிர்ந்து உட்கார்ந்து, மருந்துப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "நாங்க தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்தவங்க அண்ணா. சத்தம் ஒரே சீரா இருந்தா இடி விழுந்தாலும் தூங்குவோம். சத்தம் தடுமாறுச்சுன்னா பொட்டுன்னு முழிப்பு வந்துரும்" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சென்னியப்பனுக்கு அவமானமாக இருந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. லாரிப் பட்டறைக் கந்தன் அவனுக்குப் பழைய தோஸ்து. கந்தன் கை வைத்தால் எந்த டீசல் இன்ஜினும் சொன்னபடி கேட்கும். டீசல் வண்டி இப்படி ஏறி இறங்கினால், டீசல் வருகிற குழாயில் காற்று புகுந்துவிட்டது என்று பட்டறையில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதே நினைப்பில் கந்தன் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினான். பெட்ரோல் பம்பை மாற்றினான். பிளக்கை மாற்றினான், பாயிண்டை மாற்றினான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் முக்கிக் கழுவி மாட்டினான். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. மாட்டும்போதெல்லாம் அதன் அடியில் இருக்கிற இரண்டு சின்ன நட்டையும் லாரிச் சக்கரத்தை முறுக்குகிற மாதிரி முறுக்குவான். முறுக்கி முடித்துவிட்டு மனசு ஆறாமல் இன்னொரு முறுக்கு. சங்ககிரிக் கை அப்படித்தான். வட நாட்டு மலைப்பாதையில் சக்கரம் கழன்று போனவர்களைப் பார்த்த ஊர் அது.

ஒவ்வொரு தடவையும் நோவு கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் கந்தனும் விற்றவர் செய்ததையே செய்தான், ஸ்லோ ஸ்பீடைத் தூக்கி வைத்தான். வண்டி நின்ற இடத்தில் அலறியது. கியர் போட்டதும் தவ்விக் குதித்தது. குதித்த குதியில் டாக்டரம்மாவின் பெட்டிக்குள் இருமல் மருந்துப் பாட்டில் உடைந்து, பெட்டி முழுக்கச் சிவப்பாக ஒழுகியது. மறுநாளே திருகை இறக்கிவிட்டார்கள். வண்டி பழையபடி சாமியாடியது.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. குஞ்சம்மாள் என்று ஒரு பெண், தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது. இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் அவளைக் காரிலேயே ஏற்றிவிட்டார். வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. நின்றார்கள். இன்ஜின் ஏறியது, இறங்கியது, ஏறியது, நின்றுவிட்டது. சென்னியப்பன் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். பின் சீட்டில் அந்தப் பெண் போட்ட சத்தம் அவன் முதுகைத் துளைத்தது. ரயில் போய், கேட் திறந்து, எதிரும் புதிருமாக வண்டிகள் ஹாரன் அடிக்க, கேட்மேன் மருதாசலமும் வழியில் போன நாலு பேரும் சேர்ந்து தள்ளித்தான் கார் கிளம்பியது. அம்மன் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சாயங்காலம் பஸ் ஏறுமுன் டாக்டர் சொன்னார்.

"சென்னியப்பண்ணா, உங்க மேல எனக்கு ஒரு குறையும் கெடையாது. உங்கள மாதிரி பக்குவமா ஓட்டற ஆளு எனக்குக் கெடைக்க மாட்டாங்க. ஆனா இன்னைக்கு இன்னும் அரை மணி நேரம் ஆயிருந்தா அந்தப் பொண்ணு இல்ல. தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள சரியாகலைன்னா நான் வேற வண்டிதான் பாக்கணும்."

"சரிங்க டாக்டரம்மா" என்றான். வேறென்ன சொல்ல? அந்த அம்மா சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அதுதான் அவனை அறுத்தது. வீட்டுக்கு வந்து, தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் டாக்டர் சவாரி போய்விடும் என்று ராமாயியிடம் சொன்னான். மறுபடியும் வீட்டில் உட்காருவதை நினைத்தாலே அவனுக்குத் தோள் வலித்தது. இந்தத் தடவை எருமையும் இல்லை.

பத்து நாளில் ஆயுத பூசை வந்தது. சங்ககிரியில் ஆயுத பூசை என்றால் தீபாவளி பொங்கலெல்லாம் கிட்ட நிற்க முடியாது. வரிசை வரிசையாக லாரிகள், வாழைக்கன்று, மாலை, பூசணிக்காய். ராமாயி அந்தக் காரைக் குளிப்பாட்டிவிட்டு, ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு, கதவுக்கு, நாலு சக்கரத்துக்கு என்று பொட்டு வைத்துவிட்டு, "மூடியத் தெறங்க" என்றாள். சென்னியப்பன் பானெட்டைத் தூக்கினான்.

"இதுக்கு எந்த எடத்துலீங்க நோவு?"

"இந்தா, இந்தக் கார்புரேட்டருதான்னு எல்லாருஞ் சொல்றாங்க. மேல வெக்காத, பெட்ரோலு பட்டுக் கெட்டுப்போயிரும். அடியில வேணும்னா வெய்யி."

ராமாயி பொட்டு வைக்கவில்லை. கால் சுளுக்குக்குப் பத்து போடுகிற மாதிரி, கார்புரேட்டரின் அடியைச் சுற்றி விரலால் வழித்து வழித்துச் சந்தனத்தை அப்பினாள். கந்தன் பார்த்துவிட்டு, "அக்கா, அது இன்ஜினுங்க, கணுக்கால் இல்ல" என்று சிரித்தான். "நோவு எங்கிருந்தாலும் நோவுதான், நீ சும்மா இரு" என்றாள் அவள். கிண்ணத்தை வழித்துக் காலி செய்த பிறகுதான் விட்டாள்.

சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். சென்னியப்பன் சாவியைத் திருகினான்.

இன்ஜின் பிடித்தது. சீராக ஓடியது. எல்லோரும் அது ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள். ஏறவில்லை. இறங்கவும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், ஒரே குரலில் முனகிக்கொண்டு நின்றது. யாரோ, "சாமி மலையேறிருச்சுடோய்!" என்று கத்த, வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் ஓடி வந்து பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் கிண்டலுக்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நெசமாகவே போட்டுக்கொண்டார்கள். சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுவிட்டான். முனியப்பா, முனியப்பா என்று அவன் எத்தனை தடவை சொன்னான் என்று கணக்கில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சவாரி சுகமாக முடிந்தது. ரயில் கேட்டில் வண்டி நின்றபோதும் இன்ஜின் அணையவில்லை. டாக்டர் மருந்துப் பெட்டியின் மேலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தார். சென்னியப்பன் அதைக் கண்ணாடியில் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அதே கேட்டில், இன்ஜின் உர்ரென்று ஏறியது. இறங்கியது. ஏறியது. டாக்டரின் இரண்டு கையும் மறுபடியும் பெட்டிக்குப் போயின. நல்லவேளை, கேட் சீக்கிரம் திறந்ததால் நின்றுபோகாமல் நகர்ந்துவிட்டது. ஆனால் வந்தது வந்துவிட்டது.

ஊர் உடனே காரணம் கண்டுபிடித்தது. பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்றான் ஒருவன். உடைத்தவன் கை சரியில்லை என்றான் இன்னொருவன். கந்தன் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்துவிட்டான், கையில் ஒரு சேவலோடு.

"அண்ணா, நா சொல்றதக் கேளுங்க. முனியப்பன் மொதல்ல ஒருக்காக் காட்டிட்டாரு, பாத்தீங்களா? நம்மகிட்ட ஏதோ எதிர்பாக்கறாரு. போயி அறுத்துப்போட்டுட்டு வந்தரலாம்."

சென்னியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டான். மனசு விட்டுப்போன ஆள் எதற்கும் தயாராக இருப்பான். ராமாயி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"கோழி எங்கீயும் ஓடிராதுங்க. அதுக்கு முந்தி ஒருக்கா மூடியத் தெறந்து வண்டிய ஓட உடுங்க. நா பாக்கோணும்."

"நீ பாத்து என்ன புள்ள பண்றது? கந்தன் அஞ்சு வாட்டி பாத்தாச்சு."

"அவரு பாத்தாரு. நா பத்து போட்டனல்லங்க? போட்டவ பாக்க வேண்டாமா?"

அவன் பானெட்டைத் தூக்கி வண்டியை எழுப்பினான். அது பாட்டுக்கு ஏறி இறங்க ஆரம்பித்தது. ராமாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தை உள்ளே விட்டுக் குனிந்தாள். கார்புரேட்டரைச் சுற்றி அவள் அப்பிய சந்தனம் சூட்டில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. முன்பக்கம் அப்படியே இருந்தது. இன்ஜின் பக்கமாக, யார் கண்ணுக்கும் படாத அடிப்புறத்தில், சந்தனத்துக்கு நடுவே எள்ளு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் ஓரத்தில் இருந்த சந்தனம் வெளியே உதிராமல் உள்பக்கமாக உறிஞ்சப்பட்டுப் போயிருந்தது.

அவள் எட்டிக் குடத்துத் தண்ணீரில் கையை நனைத்தாள். சுடுசட்டியைத் துணியில்லாமல் இறக்குகிற கை அது, சூட்டுக்கு அஞ்சாது. ஒரே ஒரு விரலை அந்த ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினாள்.

இன்ஜின் சீரானது.

விரலை எடுத்தாள். உர்ரென்று ஏறியது. மறுபடியும் வைத்தாள். அடங்கியது.

"ஏனுங்க," என்றாள், தலையை வெளியே எடுக்காமலே, "இது என்ற வெரல உள்ள இழுக்குதுங்க."

கந்தன் கையிலிருந்த சேவல் நழுவி, படபடவென்று அடித்துக்கொண்டு தெருவில் ஓடியது. யாரும் துரத்தவில்லை.

அப்போதுதான் சென்னியப்பனுக்கு மண்டையில் உறைத்தது. பெட்ரோல் வருகிற வழியைத்தான் இத்தனை நாளும் குடைந்தார்கள். பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் அளவாகக் கலந்து இறங்கின பிறகு, அதற்குக் கீழே களவாகக் காற்று புகுகிறது. கலந்தது கலந்தபடி உள்ளே போகவில்லை. வண்டி வேகமாக ஓடும்போது அந்தச் சின்னக் காற்று ஒரு பொருட்டே இல்லை. நிற்கும்போதுதான் இன்ஜின் திணறுகிறது. டீசல்காரனுக்கு இது எப்படித் தோன்றும்? ஈரச் சந்தனம் மூன்று நாள் அந்த ஓட்டையை அடைத்திருந்தது. காய்ந்து வெடித்ததும் பழைய கதை. சாமி வரவும் இல்லை, மலையேறவும் இல்லை.

கந்தன் அங்கேயே கார்புரேட்டரைக் கழற்றினான். அடியில் வைக்கிற அட்டைப் பேக்கிங் பின்பக்கம் கிழிந்து கிடந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, கார்புரேட்டரின் அடித்தட்டே வளைந்திருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தான். இரண்டு நட்டு இருக்கும் ஓரமும் கீழே படிந்திருந்தது, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கந்தன் அந்த வெளிச்சத்தையே ரொம்ப நேரம் பார்த்தான்.

"அண்ணா, இது நா முறுக்குன முறுக்குங்க. பேக்கிங்கு முன்னயே கிழிஞ்சிருந்திருக்கும். தட்ட வளச்சது எங்கையிதான். லாரி நட்டுன்னு நெனச்சு..." என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். "ஒவ்வொரு வாட்டியும் நோவக் கூட்டி உட்டுருக்கறேன்."

"உடு கந்தா. நீ இல்லீன்னா நா இத்தன நாளு ஓட்டியே இருக்க மாட்டேன்" என்றான் சென்னியப்பன். மனசாரத்தான் சொன்னான். வேலை கெட்டுப்போனதும் ஓடி ஒளிகிறவர்கள் நடுவில், தன் கைத் தப்பைத் தானே சொல்கிற ஆள் எத்தனை பேர்?

அன்றைக்கெல்லாம் கந்தன் கண்ணாடியின் மேல் உப்புத்தாளைப் போட்டு, அந்த அடித்தட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினான். ஊசி நுழைய இடம் இல்லை என்று ஆன பிறகு, புது அட்டை வெட்டி வைத்து மாட்டினான். நட்டை முறுக்கும்போது ராமாயி பக்கத்தில் வந்து நின்றாள். "மெதுவாங்க" என்றாள். கந்தன் இரண்டு விரலால் ஸ்பேனரைப் பிடித்து, நட்டு உட்கார்ந்ததும் விட்டுவிட்டான். மனசு ஆறுவதற்காகப் போடுகிற அந்த இன்னொரு முறுக்கைப் போடாமல் இருக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்ஜின் சீராக ஓடியது. சந்தனம் மாதிரி மூன்று நாளில் வெடிக்கிற வைத்தியம் இல்லை இது. செவ்வாய்க்கிழமை தடுமாறவில்லை, வெள்ளிக்கிழமை தடுமாறவில்லை, அடுத்த செவ்வாய்க்கிழமையும் தடுமாறவில்லை. டாக்டர் இன்னமும் ஒரு கையைப் பெட்டியின் மேல்தான் வைத்திருந்தார். ஒரு தடவை ஏமாந்தவர் அல்லவா?

தீபாவளிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் போன மூன்று ஊரிலும் நல்ல கூட்டம். பண்டிகைக்கு முன்னால் காட்டிவிட வேண்டும் என்று எல்லா நோயாளியும் அன்றைக்கே வந்து சேர்ந்திருந்தார்கள். திரும்பி வரும்போது கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், நீளமான ரயில். சென்னியப்பன் இன்ஜினை அணைக்கவில்லை. அது ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. டாக்டர் இப்போது தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தான். பின்னாலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தான்.

டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கையும் மடியில் கிடந்தன. மருந்துப் பெட்டி அது பாட்டுக்கு ஒரு ஓரத்தில் இருந்தது.

கேட் திறந்தது. சென்னியப்பன் வண்டியைப் பதனமாக, ஒரு குலுங்கல் இல்லாமல் நகர்த்தினான். பஸ் ஸ்டாண்டு வந்த பிறகும் எழுப்ப மனசில்லாமல் அப்படியே நிறுத்தி வைத்திருந்தான். கால் மணி நேரம் கழித்து அவரே பதறி எழுந்தார்.

"ஐயோ, தூங்கிட்டேனா? கேட்டு எப்ப வந்துச்சு?"

"அது வந்து போயிருச்சுங்க டாக்டரம்மா."

அவர் இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "யாரு பாத்தாங்க வண்டிய? சேலத்துக்குக் கொண்டுபோனீங்களா?"

டீக்கடையில் பாதி பஸ் ஸ்டாண்டு உட்கார்ந்திருந்தது. முனியப்பன் என்று சொல்லியிருக்கலாம், கந்தன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே பொய்யில்லை. சென்னியப்பன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்:

"எம்பட ஊட்டுக்காரிங்க. ஒரு வெரல வெச்சுக் காட்டுனா."

தன் வார்த்தையே திரும்பி வந்ததில் டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்களுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். பஸ் படியில் ஏறும்போது திரும்பி, "செவ்வாக்கெழம வரேன். இனிமே எல்லாச் செவ்வாயும்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்தான். ராமாயி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே சொன்னான்.

"டாக்டரம்மா கேட்டுல தூங்கிட்டாங்க."

அவள் கை நின்றது. "தூங்கிட்டாங்களா? நெசமாவுங்களா?"

"ஆமா. வாயத் தெறந்துட்டு."

"வண்டி ஓடிட்டிருக்கறப்பவா, நின்னுட்டிருக்கறப்பவா?"

"நின்னுட்டிருக்கறப்பத்தான் புள்ள!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சென்னியப்பன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். டாக்டர் சொல்லிவிட்ட நன்றியைச் சொன்னால் போதுமே என்றுதான் நினைத்தான். ஆனால் அது அவனுக்கே போதவில்லை.

"ராமாயி, டாக்டரம்மா உனக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. அது அவங்களுது. நா வேற சொல்லோணும். மூணு வருசம் ஊட்ல உக்கோந்திருந்தவனுக்கு நீ சோறு போட்ட. எருமைய வித்து வண்டி வாங்கிக் குடுத்த. அந்த வண்டியவும் நீதான் பொழைக்க வெச்ச. நா ஒருக்காக்கூட உங்கிட்ட ஒன்னுஞ் சொன்னதில்ல. ரொம்ப நன்றி புள்ள."

நீங்கள் நினைத்தது சரிதான். அவள் எண்ணெய்க் கையைப் புறங்கையாகத் திருப்பி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காச்ச இல்ல" என்றான் அவன்.

"அதாம் பாத்தேன்" என்றாள். சட்டியிலிருந்த முறுக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஏனுங்க, நன்றி சொல்றதுன்னா ஒன்னு பண்ணுங்க. நா இன்னும் அந்த வண்டீல உக்காந்ததே இல்ல. வாடகை வண்டீல நமக்கென்ன சோலின்னு இருந்துட்டேன். ஒருக்கா அந்தக் கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போங்க."

தீபாவளியன்று காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, அவள் பின் சீட்டில் டாக்டர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் கேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். ரயில் ஒன்றும் இல்லை, கேட் விரியத் திறந்து கிடந்தது. அவன் அதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டான். கேட்மேன் மருதாசலம் பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"ஏனப்பா சென்னியப்பா, மறுபடியும் நின்னு போச்சா? தள்ளோணுமா?"

"இல்லீங்கண்ணா. ஓடிட்டுத்தான் இருக்குது."

"அப்பறம் போக வேண்டியதுதான? கேட்டு தெறந்துதான கெடக்குது?"

சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்தான். ராமாயி கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்த நேரம் இருங்கண்ணா" என்றான். "இவ சொல்லட்டும். அப்பறம் போறோம்."